பேச்சு போனால் புத்தியும் போய்விட்டதா? பக்கவாத நோயாளியின் சிந்தனைத்திறனை அறிவது எப்படி?

பக்கவாதம் ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேசுவது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது ஆகியவை பாதிக்கப்படுகின்றன. இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். பெரும்பாலும் மூளையின் இடப்பக்க பாதிப்பால் இது வருகிறது.

1861-ல் பிரான்ஸ் மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளி 'டான்' என்ற ஓசையைத் தவிர ஏறத்தாழ வேறெதுவும் பேசமாட்டார். ஆனால் பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. பேச்சு வேறு, சிந்தனை வேறு.

வழக்கமான சோதனையில் என்ன சிக்கல்?

நினைவாற்றலைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் 'மோக்கா' சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். விலங்குகளின் பெயர் சொல்வது, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, ஐந்து சொற்களை நினைவுகூர்வது என அதில் பலவற்றுக்கும் வாய்ப்பேச்சு தேவை. விடை தெரிந்தும் சொல்ல முடியாதவருக்கு மதிப்பெண் குறையும். அதை மறதி நோய் என்று முடிவு கட்டக்கூடாது.

மாற்று வழிகள்

விடுபட்ட வடிவத்தைச் சுட்டிக்காட்டும் ரேவன் சோதனை, கட்டைகளைத் தொட்ட வரிசையிலேயே மீண்டும் தொடும் கோர்சி சோதனை, தாளில் குறிப்பிட்ட படங்களை மட்டும் அடித்துக் காட்டும் சோதனை ஆகியவற்றுக்குப் பேச்சு தேவையில்லை. 'ஆக்ஸ்ஃபோர்டு காக்னிடிவ் ஸ்கிரீன்' பக்கவாத நோயாளிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. எந்தச் சோதனையானாலும் செய்யவேண்டியதைச் சைகையால் முதலில் செய்து காட்ட வேண்டும். கேள்வியே புரியாவிட்டால் விடைக்குப் பொருளில்லை.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

• அவர் எந்தெந்த மொழி அறிந்தவர், எதுவரை படித்தவர், எந்தக் கைப்பழக்கம் உள்ளவர் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

• மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியை மறக்காதீர்கள். களைப்பில்லாத நேரத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

• 'ஆம்', 'இல்லை' மாறி வரலாம். ஒரே கேள்வியை இரு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

• பேச முடியாத வாப்பா மனனமான சூராவைத் தடையின்றி ஓதலாம். பழகிய வரிகள் தாமாக வருவது இந்நோயில் உண்டு. அவர் நடிக்கிறார் என்றோ, குணமாகிவிட்டார் என்றோ எண்ணிவிடாதீர்கள்.

சொத்துப் பத்திரம், வஸிய்யத், சிகிச்சைக்கான சம்மதம் போன்றவற்றில் இது மிக முக்கியம். ஒரு சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து, அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஒதுக்கிவிடக்கூடாது. அந்தத் திறனைப் படங்கள், எளிய சொற்கள் மூலம் தனியாக ஆராய வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரும் மனநல நிபுணரும் சேர்ந்து பார்ப்பதே நல்லது. சில மாதங்களில் நிலை மாறலாம் என்பதால் மறுபடியும் சோதியுங்கள்.