தனியார் பள்ளியா, அரசாங்கப் பள்ளியா? பணம் கட்டுமுன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

ஆறாம் ஆண்டு முடியும் வேளையில் மலாக்காவின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது: பிள்ளையை அரசாங்க இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புவதா, கடன்பட்டாவது தனியார் பள்ளியில் சேர்ப்பதா? கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்பது பலரின் கணக்கு. அதைச் சரிபார்க்கப் பழைய அளவுகோல்கள் இல்லை. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டுவிட்டன.

முதலில் தமிழ்ப்பள்ளியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சியின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. புக்கிட் லிந்தாங், கெமண்டோர் போன்ற பள்ளிகளின் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வரலாற்றால்தான். நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகள் அரசாங்க நிலத்தில் இல்லாததால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. ஆனால் முழு உதவிப் பள்ளியானாலும் பகுதி உதவிப் பள்ளியானாலும் ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், பாடநூல் எல்லாம் ஒன்றே. வேறுபடுவது நிலமும் கட்டடமும். கூரை ஒழுகுவது நிலப்பட்டாவின் பிரச்சினை. அதை வைத்து ஆசிரியரின் தரத்தை எடைபோடுவது நியாயமல்ல.

மாணவர் எண்ணிக்கை அப்படியல்ல, அது கற்பித்தலையே தொடும். 150க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். அங்கே ஆசிரியரின் கவனம் அதிகம் கிடைக்கலாம். எண்ணிக்கை மேலும் சரிந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர நேரும்.

இடைநிலையில் தனியார் பள்ளி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி எஸ்பிஎம் எழுத வைப்பது. மற்றது அனைத்துலகப் பள்ளி. பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயார் செய்வது. சிறிய வகுப்பு, நல்ல ஆங்கிலப் பயிற்சி, வசதியான ஆய்வுக்கூடம் ஆகியவை பலவற்றில் உண்மையாகவே கிடைக்கின்றன. ஆனால் அரசாங்க வேலைக்கு எஸ்பிஎம் தேசிய மொழியில் கிரெடிட் தேவை. வெளிநாட்டுத் தேர்வு எழுதிய பிள்ளை அந்தத் தாளைத் தனியாக எழுத வேண்டியிருக்கும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசுவோர் குறைவு.

பலர் கவனிக்காமல் விடுவது தமிழ். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்கிறது. ஆசிரியர் பற்றாக்குறையால் அது பள்ளி நேரத்துக்குப் பிறகு நடப்பதும் உண்டு என்றாலும், கேட்கும் உரிமை இருக்கிறது. தனியார் பள்ளியில் தமிழ் கற்பிப்பது நிர்வாகத்தின் விருப்பம். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை எஸ்பிஎம்மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுத முடியுமா என்பது பல நேரம் இந்த ஒரு முடிவில் அடங்கிவிடுகிறது.

தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுப்போர், கல்வி அமைச்சில் அது பதிவு பெற்றதா, ஆசிரியர்களிடம் கற்பிக்கும் அனுமதி உண்டா, எந்தத் தேர்வு, தமிழ் உண்டா, மாதக் கட்டணம் தவிர முன்பணம், பேருந்து, புத்தகச் செலவு எவ்வளவு, பாதியில் விலகினால் முன்பணம் திரும்புமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டலாம்.