பூட்டனார் பிறந்த இடம்

இலங்கையில் வழங்கும் ஜனனப் பத்திரத்தை நிதானமாகப் படித்துப் பார்ப்பவர்கள், குழந்தையின் பெயருக்கும் தாய் தந்தையர் விவரத்துக்கும் கீழே வேறு இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் யாவை என்று ஒன்று கேட்கும். தந்தை இந்நாட்டில் பிறவாமல் பூட்டனார் பிறந்திருப்பாராயின் அவருடைய விவரம் யாது என்று மற்றொன்று கேட்கும். அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவை வெறும் சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. முன்னோரின் சுவட்டைத் தேடிக் கச்சேரிக்கும் தோட்டத்து ஆபீசுக்குமாக ஒரு ஜனசமூகமே அலைந்த சரித்திரம் இவற்றின் பின்னே நிற்கிறது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் திகதிக்கு முன் இத்தீவில் பிறந்த ஒருவர், தம் தந்தையாவது, அன்றித் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் ஆகிய இருவருமாவது இங்கேயே பிறந்தவர்கள் என்று நிலைநாட்டினாலன்றி, வம்சாவளியால் பிரஜை ஆகமாட்டார் என்று விதித்தது. பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் வழக்கமே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இலங்கையில் வேர்கொண்டது. அதற்கு முன்னரே கோப்பிக் காடு திருத்த வந்து, இரண்டொரு பிள்ளைகளைப் பெற்று, காய்ச்சலில் மாண்டுபோன ஒருவனுடைய அந்தப் பிள்ளைகளின் பிறப்புக்கு எந்த ஏட்டில் ஆதாரம் தேடுவது?

எழுத்தில் அவன் அகப்படாமலே போய்விட்டான் என்று நினைத்துவிடவும் கூடாது. சர்க்காரும் தோட்டமும் அவனை எழுதிக்கொண்டேதான் இருந்தன; எழுதிய நோக்கம்தான் வேறு. திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆள் திரட்டும் கங்காணியின் பின்னால் புறப்பட்டவனுடைய கழுத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே, ஒரு சிறு தகர வில்லை கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்பட்டது. அவன் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், அவனுக்கென்று ஓர் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவன் பெயர் இராது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதனை வழியில் மாறிப்போகாமல் கொண்டு சேர்க்கவும், வழிச்செலவை அந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதவும் அது பயன்பட்டது. தோட்டம் மாறவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-இல் அது ஒழிக்கப்படும் வரையில், ஒரு குடும்பம் எந்த மலையிலிருந்து எந்த மலைக்குப் போயிற்று என்ற செய்தி இவ்வாறு கடன் கணக்காகவே எழுதப்பட்டு வந்தது. இன்னொன்று செக்ரோல். பெரட்டுக் களத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டுப் பதிந்த அந்த ஏடுகளில், எத்தனை நாள் வேலை, எவ்வளவு அரிசி, எவ்வளவு பற்று என்பவை உண்டு.

ஏட்டில் மட்டுமல்ல, கல்லிலும் இந்த வேற்றுமை உண்டு. லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெயிலரின் கல்லறை கண்டி மகியாவையில் எழுத்துடன் நிற்கிறது. ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைப் பென்ரி லூயிஸ் என்பவர் தொகுத்து 1913-இல் நூலாகவே வெளியிட்டார். டெயிலருடைய காட்டை வெட்டியவர்கள் புதைந்த இடத்திலோ தேயிலைத் தூர்களே நிற்கின்றன. கிறிஸ்தவர்களான சில குடும்பங்களுக்கு மட்டும், 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த கோயில்களில் ஞானஸ்நானப் பதிவு என்னும் பேறு கிட்டியது.

ஏடு கிடைத்த இடத்திலும் சிரமம் தீர்வதில்லை. கறுப்பையா என்று வீட்டில் அழைக்கப்பட்டவன் ஓரிடத்தில் கருப்பன், வேறோரிடத்தில் கறுப்பாயி மகன். ஆபீஸ் கிளாக்கரின் ஆங்கில எழுத்தில் இன்னொருவன். இடத்தின் பெயரும் அப்படியே. பாட்டியைக் கேட்டால் "புதுக்காட்டில் பிறந்தவர்" என்பாள். காடு திருத்திய தோட்டங்கள் பலவற்றிலே ஒரு புதுக்காடு உண்டு. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் ஒரு பெயர்.

இந்த நிலையில்தான், 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இங்கே வசித்ததற்கு ருசுக் கேட்டது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவிலுள்ள ஊரில் தங்கியவனுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. 1951 ஆகஸ்டில் தவணை முடியுமுன், 8 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவில் பிரஜைகளானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஆளைக் கட்டி வைக்க எழுதிய செக்ரோல், ஆள் இங்கேயே இருந்தான் என்பதற்குச் சாட்சியாயிற்று. அந்தச் சாட்சியத்தைக் கையிலே வைத்திருந்தது தோட்ட நிர்வாகமேயன்றி, அதில் பெயர் எழுதப்பட்டவன் அல்லன் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

தலவாக்கலைப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு மூதாட்டி தம் டிரங்குப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டினார். கட்டிய சேலைக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த ஜனனப் பத்திரம், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், மகனுடைய பள்ளிக்கூட விடுகைப் பத்திரம். நகை அந்தப் பெட்டியில் இல்லை. "இதுல ஒண்ணு தொலைஞ்சாலும் நாங்க யாருன்னு சொல்ல ஆளில்லே, ஐயா" என்று சொல்லியவாறே, ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தீர்த்தபோது (எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாக்கினர்), தேடலின் திசையே திரும்பிவிட்டது. பூட்டன் இங்கே பிறந்தான் என்று காட்ட முயன்ற குடும்பம், இப்போது அவன் எந்த ஜில்லா, எந்தத் தாலூகா, எந்தக் கிராமம் என்று நினைவுபடுத்திச் சொல்லவேண்டியதாயிற்று. முசிறி என்றும் துறையூர் என்றும் கேள்விப்பட்ட ஊர்ப்பெயரை நம்பி இந்தியக் கரையில் மண்டபம் என்னும் ஊரில் இறங்கியவர்கள், தங்களை இன்னார் பேரன் என்று அடையாளம் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் மிஞ்சியிராததைக் கண்டார்கள்.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964-இன் அந்த அக்டோபர் நாள்முதல் இங்கே நிலையாக வசித்தவர்களையும் அவர்கள் சந்ததியாரையும் பிரஜைகளாக ஏற்றது. இன்று நுவரெலியாவில் பிள்ளையின் பிறப்பைப் பதிய வரும் இளந்தகப்பன், பாட்டனார் கட்டத்துக்கு ஒரு தோட்டத்தின் பெயரைத் தயங்காமல் சொல்கிறான். தானும் இங்கே பிறந்தவனாகையால் பூட்டனார் கட்டத்துக்கு அவன் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்தில் பதிவாளர் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.