இளவலார் கேட்ட சர்வகலாசாலை

சேர். பொன். இராமநாதனை நாம் மறக்கவில்லை. அவர் நிறுவிய கல்லூரிகள் மறக்கவிடா. அவருடைய இளவல், காலஞ்சென்ற சேர். பொன். அருணாசலத்தின் கல்வித் தொண்டோ நம்மிற் பலர் அறியாதது.

1853இற் பிறந்த அவர், கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையராவார். அந்தப் பதவியோடு அமைந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? அவரோ இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று 1906இற் சங்கம் அமைத்து வாதாடினார். 1915இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கி ஏழைகளின் நலத்திலும் கருத்தூன்றினார்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1921இற் கொழும்பிலே திறக்கப்பட்டது கல்லூரி மாத்திரமே. மாணவர் எழுதியது லண்டன் பரீட்சை. 1924 சனவரி 9ஆம் தேதி, யாத்திரை சென்ற மதுரையில் அவர் சிவபதமடைந்தார். சர்வகலாசாலை பிறந்தது 1942இல். தமையனாரும் அதைக் காணவில்லை. 1930இல் அவரும் மறைந்தார்.

அரசியலில் இவ்விருவரும் எப்போதும் ஒரே வழி சென்றாரல்லர். ஆயினும் ஒன்றை நினைக்குந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. தமையனார் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. தம்பி கேட்டதற்கு அண்ணன் வளவு இடங்கொடுத்தது!

பேராதனையில் இருவர் பெயராலும் மாணவர் விடுதிகள் உள. கரைவலை இழுக்கும் நம்மூர் வீட்டுப் பிள்ளையொன்று அங்கே இடங்கிடைத்துப் பெட்டியோடு போகும்போது, வாயிலில் அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு உள்ளே போகட்டும்.