மோட்டார்ப் பந்தயமும் மக்கள் பாதையும்

மோட்டார்ப் பந்தயத்தையும், மிகுந்த குதிரைத்திறன் கொண்ட கார்களையும் சட்டத்தால் தடை செய்ய வேண்டுமா என்னும் கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததன்று. மோட்டார் வண்டிக்கு எத்தனை வயதோ, ஏறத்தாழ அத்தனை வயது இக்கேள்விக்கும் உண்டு. வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதை, சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவன் என்ற முறையில், மாணவ நண்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இச்சமவெளியை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பெயர் பெற்ற ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. சங்ககிரியில் லாரித் தொழில் பல குடும்பங்களின் வாழ்வாக இருக்கிறது. சக்கரத்தை நம்பி வாழும் இம்மக்களுக்கு வேகத்தின் பயனும் தெரியும்; அதன் விலையும் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில், டீசலை மிச்சம் பிடிக்கக் கருதி நியூட்ரலில் வண்டியை விட்டு, பின்னர்ப் பிரேக்குக்கு அடங்காமல் மோதி மாண்டவர்களின் கதையை இங்கு அறியாதார் இல்லை.

முதலில் நம் நாட்டுப் பழங்கதை ஒன்றை நினைவுகூர்வோம். திருவாரூர் வீதியில் இளவரசன் செலுத்திய தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகன் என்றும் பாராமல் தீர்ப்பளித்தான். இக்கதையில் நாம் பொதுவாகக் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. நாட்டில் எவரும் தேர் ஏறக் கூடாது என்று அரசன் ஆணையிட்டதாகக் கதை கூறவில்லை. தேர் ஓடிய இடம் பொதுவீதி. இறந்த கன்றோ எந்த ஓட்டத்திலும் பங்கு கொள்ளாத உயிர். குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மோட்டாரின் வரலாற்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், தானே இயங்கும் வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று எல்லை வகுத்தது. வண்டிக்கு முன்னே சிவப்புக் கொடியுடன் ஒருவர் நடந்து செல்லவும் வேண்டும்! அத்தகைய கட்டு நிலைக்கவில்லை. 1896-இல் அது பெரிதும் தளர்த்தப்பட்டது. அச்சத்தினால் மட்டும் பிறக்கும் தடை நெடுநாள் வாழாது என்பதற்கு இது சான்று.

மறுபக்கத்தில், கட்டின்மை விளைத்த கேடும் விரைவிலேயே தெரிந்தது. 1903-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை பொதுச்சாலையில் ஒரு பந்தயம் தொடங்கியது. கூட்டம் நிறைந்த சாலைகளில் கார்கள் புழுதி கிளப்பிப் பறந்தன. ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் உயிரிழந்தனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் மாண்டார். போர்தோ நகரை அடைந்ததும் பிரெஞ்சு அரசாங்கம் பந்தயத்தை நிறுத்திவிட்டது.

பந்தய ஆர்வம் அதனோடு அழிந்துவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது. பொதுச்சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்லக் கூடாது என்றிருந்த இங்கிலாந்தில், 1907-இல் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் பந்தயத்துக்கென்றே தனித்தடம் அமைந்தது. நம் நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளம் பந்தயக்களமாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தடத்தைத் திறந்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள தடம், பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தனித்தடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1955-ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்தில் பாய்ந்தது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சுவிட்சர்லாந்து தன் நாட்டில் வட்டத்தடப் பந்தயத்தையே தடை செய்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1957-இல் இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர். அதற்குப்பின் அப்பந்தயம் பழைய வடிவில் நடைபெறவில்லை.

எனினும் பந்தயத்தால் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1953-இல் லெ மானில் வென்ற ஜாகுவார் கார், டிஸ்க் பிரேக்கின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்தது. இன்று நம் ஊர்க் கார்களை அதே பிரேக் காக்கிறது. தானே விரும்பி ஆபத்தை ஏற்கும் வீரர், தலைக்கவசமும் தடுப்புச்சுவரும் மருத்துவரும் சூழ ஓட்டுவதைத் தடை செய்ய நியாயம் குறைவு. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம்கூட, சாலையை மூடித் தடுப்பமைத்த பின்னரே நடந்தது.

ஆனால் திறந்த நெடுஞ்சாலையின் நிலை வேறு. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையில் பால் கேனுடன் மொபெட்டில் வருபவர், கோழிப்பண்ணை வேலைக்குச் செல்லும் பெண்கள், சைக்கிளில் செல்லும் பள்ளிச் சிறுவர் ஆகிய அனைவரையும் நான் காண்கிறேன். இவர்கள் எந்தப் பந்தயத்திலும் சேர்ந்தவர்கள் அல்லர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஊர் இடையிலுள்ள தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். அதனை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க முப்பத்தேழரை நிமிடம். 120-இல் கடக்க 25 நிமிடம். பன்னிரண்டரை நிமிட மிச்சத்துக்கு எத்தனை உயிரைப் பணயம் வைப்பது? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதிவேகத்தால் மாண்டவர்கள்.

சட்டம் உறங்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கூட்டியது. 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாரம் ஏற்றும் வண்டிகளுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். உழைத்து உண்ணும் லாரி ஓட்டுநரின் வேகத்தை இயந்திரமே அடக்கும்போது, அவர் அருகில் 200 கிலோமீட்டர் செல்லும் ஆற்றல் படைத்த சொகுசுக் காருக்கு அத்தகைய கருவி இல்லை. இது முறையாகுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிய கார் ஒவ்வொன்றிலும் வேக வரம்பை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும். அங்கு இயன்றது இங்கு இயலாதது அன்று.

ஆகவே, பந்தயத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். அதனை அதற்குரிய தடத்தில் நிறுத்த வேண்டும் என்பேன். கார்களின் திறனையும் பழிக்கமாட்டேன்; மக்கள் நடமாடும் சாலைக்கு வந்தால் அத்திறன் லாரியைப் போலவே ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பேன். மாணவர்களே, நீங்கள் நாளை மோட்டார் ஓட்டுவீர்கள். உங்களுள் சிலர் சட்டமும் இயற்றுவீர்கள். எந்த வேகத்தையும் அளக்கும்போது, அதனை விரும்பி ஏற்றவர் யார், விரும்பாமலே அதன் வழியில் நிற்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்.