குழாய்க்குள் ஒளிந்திருந்த குதிரைத்திறன்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சோப்பாவ் என்றொரு சிற்றூர். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசென் அங்கே நிறுவிய டிகேடபிள்யூ தொழிற்சாலை, 1920களின் முடிவில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள்களைச் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் படை இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனது. வரைபடங்களும் போர் இழப்பீடாகக் கைமாறின. 1939இல் வந்த ஆர்டி 125 என்ற எளிய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பார்த்து இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125 சிசி வண்டி, ரஷ்யாவில் மாஸ்க்வா எல்லாம் பிறந்தன. யமஹா 1955இல் செய்த முதல் பைக்கும் அதன் சாயல்தான். சோப்பாவில் மிஞ்சியது வெறும் கொட்டகைகளும் வேலை தெரிந்த ஆட்களும். பிற்பாடு எம்இசட் என்று பெயர் பெற்ற நிறுவனம் அந்த நிலையிலிருந்து எழுந்தது.

அதன் பந்தயப் பிரிவை 1953 வாக்கில் வால்டர் காடன் ஏற்றார். 1919இல் அதே வட்டாரத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஹென்ஷல் நிறுவனத்தின் ராக்கெட் குண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர். கையில் பணமும் இல்லை, நல்ல உலோகமும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் என்றால் மலிவு வண்டிக்கு ஆகும், பந்தயத்துக்கு ஆகாது என்பதுதான் அன்று பெரிய நிறுவனங்களின் எண்ணம்.

அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் துளையும், புதிய பெட்ரோல் கலவை நுழையும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்த இடைவெளியில் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடும்.

பெர்லினில் டேனியல் சிம்மர்மன் என்பவர் தம் பந்தய வண்டியில் கிராங்கோடு சேர்ந்து சுழலும் மெல்லிய வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். கலவை உள்ளே வரும் நேரத்தைப் பிஸ்டனை நம்பாமல் தகட்டில் வெட்டிய பள்ளத்தை வைத்தே தீர்மானிக்கலாம். காடன் அதை எடுத்துக்கொண்டார். கலவை சிலிண்டருக்குள் ஏற மூன்றாவதாக ஒரு வழியையும் வெட்டினார். கூடுதல் கலவை போனது மட்டுமல்ல, பிஸ்டன் தலையின் அடிப்பக்கமும் கனெக்டிங் ராடின் மேல் பேரிங்கும் குளிர்ந்தன.

ஆனால் பெரிய பாய்ச்சல் என்ஜினுக்கு வெளியே நடந்தது. புகை வெளியேறும் துளை திறந்ததும் அழுத்த அலை ஒன்று புகைக்குழாய்க்குள் பாய்கிறது. நாதஸ்வரத்தில் போலவே இங்கும் நீளமும் விரிவும்தான் அலையின் போக்கை முடிவுசெய்கின்றன. குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துப் போடுகிறது. கொஞ்சம் தள்ளிக் குழாய் சுருங்கும் இடத்திலிருந்து வரும் அலையோ தள்ளும் அலை; தப்பி ஓடிய புதுக் கலவையை, துளை மூடும் முன் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. இத்தகைய குழாய்களை டிகேடபிள்யூவின் எரிச் வோல்ஃப் முன்பே முயன்றிருந்தார். காடன் செய்தது, குருட்டாம்போக்கில் வெட்டி ஒட்டுவதை விட்டு, ஆசிலோஸ்கோப்பின் திரையில் அலையைப் பார்த்துப் பார்த்துக் குழாயை அளவெடுத்ததுதான். என்ஜினைச் சோதனை மேடையில் கட்டி ஓட்டுவது, குழாயை மாற்றுவது, மறுபடி ஓட்டுவது. வருடக்கணக்கில் இதே வேலை.

1958இல் ஸ்வீடனில் ஹோர்ஸ்ட் ஃப்யூக்னர் 250 சிசி பிரிவில் எம்இசட்டுக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றியைத் தந்தார். 1961இல் 125 சிசி என்ஜின் நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு 200! காற்றை அழுத்தித் திணிக்கும் சாதனம் ஏதும் இல்லாத என்ஜின் இதை எட்டியது அதுவே முதல் முறை.

விலையும் இருந்தது. அலை சரியான நொடியில் திரும்புவது குறுகிய சுழற்சி எல்லைக்குள் மட்டும். அதற்குக் கீழே இறங்கினால் வண்டி செத்துப்போகும். பிஸ்டன் சூட்டில் விரிந்து ‘சீஸ்’ ஆனால் பின்சக்கரம் அப்படியே இறுகும். அதனால் ஓட்டுபவரின் இடக்கை விரல்கள் எப்போதும் கிளட்ச் மேலேயே இருந்தன.

பெர்லின் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்டில். அடுத்த மாதம் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்துக்கு வந்தபோது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தின் வாசலில் நின்றார். பந்தயத்தில் என்ஜின் போனது. அவர் ஊர் திரும்பாமல் டென்மார்க் வழியே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். மனைவியும் மகன்களும் கார் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். அடுத்து ஜப்பானின் ஹமாமட்சு, சுஸுகி தொழிற்சாலை. 1960இல் மான் தீவுப் பந்தயத்தின் 125 சிசி பிரிவில் 15ஆம் இடத்துக்கு மேல் வர முடியாத சுஸுகி, 1962இல் டெக்னரை வைத்து 50 சிசி உலகப் பட்டம் வென்றது. டூ-ஸ்ட்ரோக்குக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உளவுப் படம் போலச் சொல்லி, டெக்னரைத் திருடனாகவோ நாயகனாகவோ ஆக்கிவிடுகிறார்கள். சோப்பாவின் வரைபடங்கள் அதற்கு முன்பே பாதி உலகத்துக்கு இழப்பீடாகப் போய்விட்டன என்பது மறந்துபோகிறது. ஒருவர் தலைக்குள் இருந்த அறிவை ஓடும் என்ஜினாக மாற்ற ஜப்பானியப் பொறியாளர்கள் பட்ட பாடும் கணக்கில் வருவதில்லை. காடனின் வண்டிகள் உலகப் பட்டம் எதையும் வெல்லவில்லை. சோப்பாவை விட்டுப் போகாத அவர் 1996இல் இறந்தார். ஆனால் 1975இல் யமஹா வண்டியில் வீரர் அகஸ்டினி வென்றதிலிருந்து 2001 வரை 500 சிசி உலகப் பட்டம் டூ-ஸ்ட்ரோக்குகளின் கையைவிட்டுப் போகவே இல்லை.

குழாய் பந்தயத் திடலோடு நிற்கவில்லை. கனடாவில் பொம்பார்டியர் 1959இல் விற்கத் தொடங்கிய ஸ்கீ-டூ பனிவண்டிகளுக்கு எடை குறைந்த என்ஜின் வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் அதைச் செய்து கொடுத்தது. 1970இல் பொம்பார்டியர் அந்த நிறுவனத்தையே வாங்கியது. பல ரோட்டாக்ஸ் பனிவண்டி என்ஜின்களில் சுழலும் தகடும் இருந்தது, விரிந்து சுருங்கும் குழாயும் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த வம்சம் 1984இல் வந்தது. ஓசூரில் டிவிஎஸ் குழுமம் சுஸுகியோடு சேர்ந்து இண்ட்-சுஸுகி 100 சிசி பைக்கை இறக்கிய ஆண்டு அது. மறு ஆண்டே யமஹாவின் ஆர்எக்ஸ் 100 இந்தியச் சாலைக்கு வந்தது. சத்தம் கூடட்டும் என்று அதன் சைலன்சரைக் குடைந்த இளைஞர்களில் எத்தனையோ பேர், வண்டி முன்போல இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் திரும்பி வந்திருப்பார்கள்.

புகை விதிகள் இறுகியதும் இந்தியாவின் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆர்எக்ஸ் 100 நின்றது 1996இல். எரியாத பெட்ரோல் புகையோடு தப்புகிறது என்ற பழைய குறைதான் காரணம். அலை திருப்பித் தள்ளியும் அது முழுதாகத் தீரவில்லை. பனிவண்டியில் ரோட்டாக்ஸ் வேறு வழி பார்த்தது. உள்ளே வந்து புகையைத் துடைப்பது காற்று மட்டும். பெட்ரோலைத் தனி இன்ஜெக்டர் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. அந்த வகை டூ-ஸ்ட்ரோக் பனிவண்டிகள் கனடாவில் இன்றும் விற்பனையில் உள்ளன.