ஆனைப்புளி போட்ட கணக்கு

ஆப்பிரிக்கா சஃபாரி போகலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டதா? நல்ல விஷயம். கென்யாவின் மசாய் மாராவில் மிருகக் கூட்டம் ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்க, ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் போகவேண்டும். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அந்த அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாம் சரி. அதற்கு முன்னால் ஒரு நடை ராமநாதபுரம் போய்விட்டு வாருங்களேன்.

எதற்கு என்கிறீர்களா?

தான்சானியாவின் தராங்கிரி காட்டில் எடுத்த யானைப் படம் ஒன்றைப் பாருங்கள். பின்னால் பீப்பாய் மாதிரி பருத்த மரம் ஒன்று நிற்கும். பாவோபாப். அதன் பட்டையை யானைகள் உரித்துத் தின்னும். அதே மரம் நம் ராமநாதபுரம் சீமையிலும் நிற்கிறது. பெருக்க மரம், பொந்தன்புளி, ஆனைப்புளி என்று பெயர்கூட வைத்துவிட்டோம். எதிர்க்கரையில், மன்னார் பள்ளிமுனையில் நிற்பதன் சுற்றளவு சுமார் 19 மீட்டர்!

கடல் தாண்டி எப்படி வந்தது? ஊரில் கேட்டால் ஒரே பதில்தான். அரபு வியாபாரிகள் குதிரை கொண்டுவந்தார்கள், தீவனத்துக்கு இந்தக் காயையும் கொண்டுவந்தார்கள், விதை முளைத்துவிட்டது.

குதிரை வந்தது நிஜம். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்கே எழுதி வைத்திருக்கிறார். 13-ம் நூற்றாண்டில் நம் பாண்டியக் கரைக்கும் குஜராத்தின் காம்பே போன்ற துறைமுகங்களுக்குமாக வருஷத்துக்கு 10,000 குதிரைகள். ஒன்றின் விலை 220 தங்க தினார். பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? பெருக்கினால் 22 லட்சம் தினார். நடுக்கடலில் குதிரை செத்தாலும் பாண்டியர் கஜானாவிலிருந்து பணம் உண்டு என்று ஓர் ஒப்பந்தம் வேறு. இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டாமலே க்ளெய்ம்!

ஆனால் குதிரையோடு மரமும் வந்ததா? அங்கேதான் சிக்கல். 2015-ல் விஞ்ஞானிகள் சிலர் இந்த மரங்களின் மரபணுவைச் சோதித்தார்கள். பொதுவாக இந்திய மரங்களுக்கு நெருங்கிய சொந்தம் மொம்பாசா, தார் எஸ் சலாம் கரையில் இருந்தது. தென்கிழக்கு இந்திய மரங்கள் மட்டும் மேற்கு ஆப்பிரிக்க மரங்களோடு ஒரே கூட்டத்தில் சேர்ந்தன. அரபுக் கப்பல் போன திசையே இல்லை அது! 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்களின் காலனி வழியாக வந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதற்காக ஊர்க்கதை மொத்தமும் பொய் என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவுக்கு இந்த மரம் பல காலங்களில், பல தடவை வந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் கில்வா, சாம்பசி பகுதிகளில் வெவ்வேறு வம்சத்து மரங்கள் கலந்து நிற்கின்றன. உள்நாட்டில் மனிதர்களைப் பிடித்து, கரைக்கு நடத்தி வந்து, அடிமையாக விற்ற வழி அது. அதன் சுவடாக இருக்கலாம் என்கிறார்கள். யார் மடியில் எந்த விதை இருந்ததோ! குதிரைக்கு விலை எழுதி வைத்தார்கள். அந்த மனிதர்களில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதி வைத்தார்கள்?

சஃபாரி என்ற வார்த்தைக்கு வேர், பயணம் என்று அர்த்தமுள்ள அரபுச் சொல்லான ‘சஃபர்’. நம் கடலோர முஸ்லிம் வீடுகளில் அயல்நாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதை ‘சபர்’ என்பார்கள். போனவர் சபராளி. அவர் திரும்பி வருவார் என்று வீடு காத்திருக்கும். விற்கப்பட்டவர்களுக்காகவும் எங்கோ ஒரு வீடு அப்படித்தான் காத்திருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். முதலில் நம்மூர் ஆனைப்புளியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் தராங்கிரியில் கைடு அந்த மரத்தைக் காட்டும்போது, யானையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்ப உங்களுக்கு மனசு வராது.