எதோடும் சேராத மெழுகு

 

1991 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் நடத்திக்கொண்டிருந்தேன். "இவை எளிதில் எதோடும் சேராது. அதனால்தான் பாரஃபின் என்று பெயர்" என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை எழுந்து, "எதோடும் சேராதுன்னா தீக்குச்சிய ஏன் டீச்சர் அதுல முக்குறாங்க?" என்றாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் தீப்பெட்டி வேலை. காலையில் கட்டை அடுக்கிவிட்டுத்தான் அவளும் பள்ளிக்கூடம் வருவாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

1830-ல் ரைஷன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மரத்தாரிலிருந்து வெள்ளை மெழுகு ஒன்றைப் பிரித்தார். அமிலம், காரம் எதற்கும் அது அசையவில்லை. 'குறைந்த நாட்டம்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்துப் பாரஃபின் என்று பெயர் வைத்தார். பிறகு நிலக்கரியிலிருந்தும் கச்சா எண்ணெயிலிருந்தும் அதை எடுத்தார்கள். நம் நாட்டில் அசாமின் திக்பாய் ஆலை 1901-ல் வந்தது. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம்.

ஏன் அசையவில்லை? கார்பனுக்கு நான்கு கை என்று சொல்லிக் கொடுத்தேனே, அதுதான். அல்கேனில் நான்கும் ஒற்றைப் பிணைப்பாகப் பக்கத்துக் கார்பனையோ ஹைட்ரஜனையோ பிடித்திருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்கக் காலிக் கை கிடையாது. மூன்று, நான்கு கார்பன் என்றால் அடுப்பு கேஸ். இன்னும் நீண்டால் பெட்ரோல், மண்ணெண்ணெய். இருபதைத் தாண்டிய சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதுதான் மெழுகு. எல்லாம் ஒரே குடும்பம்.

ஆனால் நல்ல சூடு கிடைத்தால் இதே குடும்பம் ஆக்சிஜனோடு சேர்ந்து கொழுந்துவிட்டு எரியும். அங்கேதான் அவள் கேள்விக்கு விடை இருக்கிறது. குச்சியின் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட் மருந்து சீறி ஒரு நொடியில் அடங்கிவிடும். அதற்குள் மரம் பற்றாது. இடையில் மெழுகு உருகி, மரத்தின் துளைகளில் ஊறி, ஆவியாகி எரிந்து, நெருப்பை மரத்துக்குக் கைமாற்றுகிறது. உரசும்வரை மருந்தோடு ஒட்டியே இருந்தும் அதோடு சேராமல் சும்மா கிடக்கும். எனக்கு இதுதான் பெரிய அதிசயம். பாரஃபினுக்கு முன்னால் ஐரோப்பாவில் குச்சியைக் கந்தகத்தில் முக்கினார்கள், நாற்றம் தாங்காது.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை பொய்த்த பூமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதே ஆண்டில் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியும் ஏறியிருந்தது. 1923-ல் சுவீடன்காரர்கள் விம்கோவை ஆரம்பித்து இயந்திரத்தில் செய்தார்கள். நாம் கையால் செய்தோம். மட்டிமரக் குச்சியைச் சட்டத்தில் அடுக்கி, முதலில் உருகிய மெழுகில் நுனியை முக்கி, அதற்குமேல்தான் மருந்து. அந்தச் சட்டங்களை அடுக்கியதில் சின்னப் பிள்ளைகளின் விரல்கள் எத்தனை! 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சிவகாசியை முன்வைத்து வந்த வழக்கு அது.

அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். தீர்ப்பு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு தாண்டியிருக்கும்.

பெயரை இங்கே போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவளைப் பார்த்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். டீச்சர் பதில் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள்.